பழம்பொருள் விற்றுப் பிழைக்க: ‘அண்ணாமலை’ தவலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது

சம்பள வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்க ஆரம்பித்து இது ஐந்தாவது வருடம். கடை பிடிப்பது, ஜிஎஸ்டி இதெல்லாம் எந்த வியாபாரத்துக்கும் உள்ளதுதான், அதைத் தாண்டிவிடுகிறேன்.

1. முதலில் சட்டம். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். முக்கியமான ஏட்டுச்சுவடிக்கு எழுபத்தைந்து வருடமே கணக்கு. தனியார் யாரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதனால் நான் பாட்டி காலத்துச் சாமானோடு நின்றுகொள்கிறேன்: எனாமல் தூக்கு, பித்தளைப் பாத்திரம், அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி. தந்தம் பக்கமே போவதில்லை. யாராவது “கோயில் சிலை ஒண்ணு இருக்கு” என்று காதோரம் சொன்னால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

2. ஒரு மாதம் எதுவும் வாங்காதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சும்மா சுற்றுங்கள். தூக்கிப் பாருங்கள், கவிழ்த்துப் பாருங்கள். சுவீடனில் செய்த கோக்கம்ஸ் எனாமல் என்றால் அடியில் முத்திரை இருக்கும். அதை நாலு கடையில் பார்த்துவிட்டால் கண்ணுக்குப் பழகிவிடும்.

3. பேரைப் படியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். முதல் வருடம் ஒரு செம்புத் தவலை வந்தது. “எண்பது வருஷம், பெரிய வீட்டுச் சாமான்” என்றார் கொண்டுவந்தவர். கழுத்தில் ‘அண்ணாமலை’ என்று பேர் வெட்டியிருந்தது. செட்டிநாட்டில் பாத்திரத்தில் பேரோ தலைப்பெழுத்தோ வெட்டுவது வழக்கம் என்பதால் சந்தேகமே வரவில்லை. 6,500 ரூபாய் கொடுத்தேன். எடைக்குப் போட்டால் பாதிகூடத் தேறாது.

வாங்க வந்த தமிழாசிரியை ஒருவர் பார்த்ததும் சிரித்துவிட்டார். “தம்பி, இந்த ணாவையும் லையையும் பாருங்க.” தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ‘ணா’ ஒரே சுழியாகச் சேர்ந்திருக்கும், ‘லை’க்கு யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைவு இருக்கும். என் தவலையில் இரண்டுமே இன்றைய பாடப்புத்தக எழுத்து!

அன்றிலிருந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை எங்கே இருந்தாலும் முதலில் அங்கேதான் பார்க்கிறேன். ஆனால் பழைய எழுத்து இருந்தால் பழசு என்று முடிவு கட்டாதீர்கள். 1978க்குப் பிறகும் பழைய வடிவத்தை விடாமல் வெட்டியவர்கள் உண்டு.

*(பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், “பாகப்பிரிவினையின்போது பழைய பாத்திரத்தில் புதுசாகப் பேர் வெட்டுவார்களே?” என்று கேட்டிருந்தார். நியாயம்தான். எழுத்தின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். பாத்திரம் தேய்ந்து வழவழப்பாக இருந்து எழுத்து மட்டும் கூராக உரசினால், பேர்தான் பிந்தியது. என் தவலையில் பாத்திரமும் தேயவில்லை, எழுத்தும் கூர்.)*

4. கருவிகள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், கைத்தராசு. போதும். பித்தளை என்று சொல்லும் பொருளில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. பாலிஷ் திரவத்தை மட்டும் வாங்காதீர்கள். பளபளவென்று தேய்த்த விளக்கு புது விளக்கு மாதிரி ஆகிவிடும், விலையும் அதோடு இறங்கிவிடும். வெறும் பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும்.

5. விலை. உலோகமென்றால் எடை விலைதான் அடித்தளம். வாங்கியதைப் போல இரண்டரை மடங்குக்கு விற்க முடியாது என்று தோன்றினால் நான் தொடுவதில்லை. வாடகை, வண்டிக்கூலி, மாசக்கணக்கில் தூங்கும் சரக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

6. சலிப்பு. வரும். ஐப்பசி மழையில் பத்து நாள் ஒரு ஆள் எட்டிப் பார்க்க மாட்டார். அப்போது நோட்டுப் புத்தகத்தை எடுப்பேன். எந்த ஊர், எந்த வீட்டு அடுக்களை, கொடுத்த ஆச்சி என்ன சொன்னார் என்று ஒவ்வொரு சாமானுக்கும் அதில் எழுதியிருக்கிறேன். ஒரு அஞ்சறைப்பெட்டிக்கு எதிரே “இன்னும் வெந்தய வாசம்” என்று மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் விற்றேன்.

அப்புறம், மாதம் ஒரு சாமானை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். போன மாதம் ஒரு பித்தளை அரைப்படி. இப்போது சோற்றுக்கு அரிசி அளப்பது அதில்தான்.