‘ஏதோ தெரியுமுங்க’: பயத்தை மறைக்கும் நடிகர்கள் செய்யும் தவறுகள்

கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பென்றால் வாய்க்காலோ அணையோ இல்லாமல் இருக்காது. “நீச்சல் தெரியுமுங்களா?” என்று கேட்டால், வாய்ப்பு போய்விடுமோ என்று புதுமுகங்கள் “ஏதோ தெரியுமுங்க” என்பார்கள். அந்த ‘ஏதோ’வை நம்பித்தான் ஸ்டண்ட் மாஸ்டர் பாதுகாப்புக்கு ஆட்களை நிறுத்துகிறார். “நீச்சல் தெரியாதுங்க, இடுப்பளவு தண்ணி வரைக்கும் நிப்பேனுங்க” என்று அளவோடு சொல்லிவிட்டால் ஷாட்டையே அதற்கேற்ப மாற்றிவிடலாம்.

கோபி பக்கத்துக் கொடிவேரி அணையில் தண்ணீர் ஆழமில்லை என்று நினைப்பது அடுத்த தவறு. பாறையில் பாசி வழுக்கும். மேலே பவானிசாகர் அணையில் தண்ணீர் திறந்தால் இங்கே வரத்து கூடும். அன்றைய திறப்பை விசாரிக்காமல் இறங்கவே கூடாது. சிமெண்ட் பூசிய வாய்க்கால் இன்னும் மோசம். கரை சரிவாக, வழவழப்பாக இருப்பதால் நீச்சல் தெரிந்தவருக்கே ஏறப் பிடி கிடைக்காது. குறுக்கே கயிறு கட்டி, கீழ்ப்போக்கில் நீச்சல்காரர்கள் இருவரை நிறுத்தச் சொல்லுங்கள். நனைந்த பட்டுச்சேலை காலைச் சுற்றும். அதே சேலையில் ஒத்திகை பாருங்கள்.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. மூழ்கும் காட்சியில் நிஜமாகவே “காப்பாத்துங்க” என்று கத்தினால், “பிரமாதமா நடிக்கறாப்ல” என்று கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். வசனத்திலும் நடிப்பிலும் வராத சைகை ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். தலைமேல் மூடிய கைமுட்டி போதும். அதைப் பார்த்தால் லைட்மேன்கூட ‘கட்’ சொல்லலாம் என்று யூனிட் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கயிற்றில் தொங்கும் ரோப் ஷாட்டில் கூச்சம்தான் எதிரி. தொடைப் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், கைமுட்டி நுழையக் கூடாது. கொக்கியின் பூட்டு திருகியிருக்கிறதா என்று நீங்களும் இழுத்துப் பாருங்கள். மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலில் ஓரடி உயரத்தில் தொங்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். லைட்டிங் சரிசெய்யும் நேரமெல்லாம் அந்தரத்தில் தொங்காதீர்கள். பட்டை ரத்த ஓட்டத்தை அமுக்கி, கால் மரத்து, மயக்கம் வரும்.

‘ஆக்‌ஷன்’ கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். படபடப்பு ஏறும், வசனம் மறக்கும். அதற்கு முன்பே நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து முறை. விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். வெறும் வயிற்றில் காபி மேல் காபி குடிப்பதும் வேண்டாம். கை நடுக்கம் குளோசப்பில் தெரியும்.

டூப் போடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. தூர ஷாட்டில் முகமே தெரியாது. குதிப்பது டூப் கலைஞர், நனைந்து மூச்சிரைத்துக் கரையேறுவது நீங்கள்.