பழைய உருக்குப் பாய்ப்படகா? முதலில் உள்ளே தட்டிப் பாருங்கள்

பழைய உருக்குப் பாய்ப்படகைக் கரையேற்றவும் படகைப் பரிசோதிக்கும் சேர்வேயருக்கும் காசு கொடுக்க முன், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலும் ரோச் லைற்றும் கொண்டு உள்ளே இறங்குங்கள். தரைப்பலகைகளைக் கழற்றித் தகட்டைத் தட்டுங்கள். நல்ல தகடு 'ணங்' என்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளித் திரும்பும். கறள் தின்ற இடம் 'தொப்' என்னும், பெயின்ற் சில்லாக உதிரும்.

மயிலிட்டிப் பக்கம் பைபர் வள்ளம் பார்த்துப் பழகியவர்கள் வெளிப்புறத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள். உருக்குப் படகு பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடும். வெளியே எபொக்சிப் பெயின்ற்றும் உருக்குக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டியும் காவல் நிற்கின்றன. உள்ளே தேங்கும் உப்புத் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. குசினித் தொட்டியின் கீழ், கக்கூசின் பின்புறம், நங்கூரச் சங்கிலிப் பெட்டியின் அடி, முக்கியமாகத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் தண்ணீர் வடியும் துளை அடைபட்டுக் குட்டையாக நிற்கும் மூலை. தடித்த செதிலைக் கண்டு உடனே ஓடவும் வேண்டாம், கறள் தான் தின்ற உருக்கைவிடப் பல மடங்கு ஊதும்.

உட்புறம் முழுக்க நுரை அடித்த படகிலும், ஏராவில் (படகின் அடி முதுகெலும்பு) கொங்கிறீற் ஊற்றிய இடத்திலும் இந்தத் தட்டல் சரிவராது. 4 மி.மீ. தகடு 3 ஆகியிருந்தால் காது கண்டுபிடிக்காது; தட்டலில் தேறிய படகுக்கும் அல்ட்ராசொனிக் தடிப்பு அளவீடு கட்டாயம். படகு தண்ணீரில் நின்றால் நீர்மட்டத்துக்குக் கீழே மெதுவாகத் தட்டுங்கள், ஓட்டை விழுந்தால் பிறகு உங்கள் பாடுதான்.