அமெரிக்க மேற்கில் பத்து நாள் பைக் பயணம், ராத்திரி தங்கல் டென்ட்டில்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

டென்வரில் கிளம்பி கொலராடோ மலைகளைத் தாண்டி, யூட்டாவின் செம்பாறைப் பூமியைச் சுற்றிவிட்டு மறுபடி டென்வருக்கே வந்து சேரும் பத்து நாள் வட்டத்தை நாங்கள் நண்பர்கள் நாலு பேர் இரண்டு முறை போய்வந்திருக்கிறோம். முதல் தடவை இரண்டாம் நாளே 380 மைல் போடலாம் என்று கணக்குப் போட்டு, இருட்டிய பிறகு ஒரு திறந்தவெளிக்குப் போய்ச் சேர்ந்தோம். டார்ச் வெளிச்சத்தில் மணல் மெத்தென்று சமமாகத் தெரிந்த இடத்தில் டென்ட் அடித்தோம். அது ஒரு காய்ந்த ஓடை. விடியற்காலை மூன்று மணிக்கு எங்கோ தூரத்தில் இடி கேட்டு, நண்பர் ஒருவர் எழுப்பிவிட்டதால் எல்லாவற்றையும் மேட்டுக்கு இழுத்துப் போட்டோம். விடிந்து பார்த்தால் நாங்கள் படுத்திருந்த இடத்தில் கணுக்கால் உயரத்துக்குச் செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை.

அதனால் இந்த விளக்கத்தில் எல்லாமே ஒரு கணக்கில் இருந்துதான் வரும்: சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் டென்ட் போடும் இடத்தில் பைக்கை நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு தூரம், எங்கே பெட்ரோல், என்ன சாப்பாடு என்பதையெல்லாம் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள்.

படி 1: உரிமமும் மாதமும்

கார் உரிமம் போதாது. நீங்கள் வசிக்கும் அமெரிக்க மாநில உரிமத்தில் மோட்டார் சைக்கிளுக்கான எம் பிரிவு சேர்ந்திருக்க வேண்டும். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டியிருந்தாலும் இங்கே நடக்கும் அடிப்படைப் பயிற்சி வகுப்புக்குப் போய்விடுங்கள், பல மாநிலங்களில் அதை முடித்தால் தனியாக ஓட்டிக் காட்டத் தேவையில்லை. ஹெல்மெட் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோவில் 18 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டாயமில்லை, யூட்டாவுக்குப் பக்கத்து நெவாடாவில் எல்லோருக்கும் கட்டாயம். நம் குழுவில் முழு ஹெல்மெட் போடாதவர் வரவேண்டாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

மாதம் என்றால் செப்டம்பர் நடுப்பகுதிதான். மே மாதத்தில் கொலராடோ கணவாய்களில் பனி விழும். ஜூலை, ஆகஸ்டில் தினமும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை, பாலை ஓடைகளில் திடீர் வெள்ளம். செப்டம்பர் பாதிக்கு மேல் அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும், ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும், பொழுது ஏறத்தாழ ஏழரை மணிக்கு மறையும். அப்படியானால் டென்ட் இடத்துக்கு ஐந்தரைக்குள் போய்ச் சேர வேண்டும்.

படி 2: பாதை

மேப் ஆப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். பெட்ரோல், தண்ணீர், படம் எடுக்க, மழை கோட்டு மாட்ட, கழற்ற என்று நாலு பைக் நிற்கும் நேரமெல்லாம் சேர்த்தால் மணிக்கு 40 மைல் கிடைப்பதே பெரிது. மலைப் பாதையில் ஒரு நாளைக்கு 200 மைல் போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். நாங்கள் இரண்டாவது முறை போன வரிசை இது.

முதல் நாள் டென்வரிலிருந்து கன்னிசன், சுமார் 200 மைல், நடுவில் 11,312 அடி உயர மோனார்க் கணவாய். இரண்டாம் நாள் வேண்டுமென்றே குறைவாக வைத்து மான்ட்ரோஸ் வழியாக யூரே, சுமார் 100 மைல். மூன்றாம் நாள் யூரேயிலிருந்து சில்வர்டன், டுராங்கோ, கோர்ட்டெஸ். நான்காம் நாள் பிளஃப் வழியாக மானுமென்ட் வேலி. ஐந்தாம் நாள் பிளாண்டிங் போய் அங்கிருந்து நேச்சுரல் பிரிட்ஜஸ். ஆறாம் நாள் ஹாங்க்ஸ்வில் வழியாக கேபிடல் ரீஃப் தேசியப் பூங்கா. ஏழாம் நாள் வண்டியே எடுப்பதில்லை. எட்டாம் நாள் யூட்டா 12 என்னும் மாநிலச் சாலை வழியாக பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா. கடைசி இரண்டு நாள் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பி வருவதற்கு.

யூரேக்கும் சில்வர்டனுக்கும் நடுவில் இருக்கும் சாலைக்கு மில்லியன் டாலர் ஹைவே என்று பெயர். இருபத்துச் சொச்சம் மைல்தான், ரெட் மவுன்டன் கணவாய் 11,018 அடி. பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது, குளிர்காலத்தில் பனியைத் தள்ளிவிட இடம் வேண்டுமே. யூரேயிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குப் பள்ளம் வலது கைப் பக்கம், நம் தடத்தை ஒட்டியே இருக்கும். பள்ளத்தைப் பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் போகும். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், வண்டி அங்கே போகும். காட்சி பார்க்க வேண்டுமென்றால் நிறுத்தவென்றே ஒதுக்கிய இடத்தில் நிறுத்தி, இறங்கி, ஆசை தீரப் பாருங்கள்.

மானுமென்ட் வேலி நவஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். தேசியப் பூங்காக்களுக்குள் நுழைய வாங்கும் ஆண்டு அட்டை அங்கே செல்லாது, உள்ளே போகும் 17 மைல் மண் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, மது கூடாது. நினைத்த இடத்தில் டென்ட் அடிக்கவும் கூடாது. அங்கிருந்து வடக்கே வரும்போது மோக்கி டக்வே என்று ஒரு குறுக்குவழியை மேப் காட்டும். செங்குத்தான பாறைச் சுவரில் கொண்டை ஊசியாக ஏறும் மூன்று மைல் ஜல்லிப் பாதை அது. பின்னால் முப்பது கிலோ மூட்டையோடு முதல்முறை வருகிறவருக்கு அது வேண்டாம். பிளாண்டிங் சுற்றி வாருங்கள், ஒரு மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். கேபிடல் ரீஃபில் நாம் தங்கும் இடத்தின் பெயர் ஃப்ரூட்டா, கொலராடோவிலும் ஒரு ஃப்ரூட்டா இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் பெயரைப் போடும்போது மாநிலத்தைப் பாருங்கள்.

படி 3: யாருடைய டேங்க் சின்னது?

எங்கள் நாலு வண்டியில் ஒன்று சென்னையில் பிறந்து இங்கே விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, இன்னொன்று 12.5 லிட்டர் டேங்க் உள்ள ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர். பயணத்தின் வேகத்தை ஹிமாலயன் தீர்மானித்தது, பெட்ரோல் நிறுத்தங்களை ஸ்போர்ட்ஸ்டர் தீர்மானித்தது. உயரம் ஆயிரம் அடி கூடினால் எஞ்சினின் சக்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும், அதனால் 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சின்ன வண்டிக்காரர் திணறுவது அவர் தப்பல்ல, அவரை முன்னால் விடுங்கள்.

பிளாண்டிங்கில் டேங்கை நிரப்பினால் 95ஆம் எண் சாலையில் ஹாங்க்ஸ்வில் வரை 120 மைலுக்கு மேல் நம்பி நிற்க பங்க் இல்லை. ஸ்போர்ட்ஸ்டர் நல்ல நாளில் 140 மைல் போகும், மூட்டையும் எதிர்காற்றும் சேர்ந்தால் 120க்கே விளக்கு எரியும். ஆகவே ஆளுக்கு ஒரு லிட்டர் எரிபொருள் பாட்டில் கட்டிக்கொண்டோம், அது ஸ்போர்ட்ஸ்டருக்குத் தேவைப்பட்டது. ஹாங்க்ஸ்வில்லில் பாறையைக் குடைந்து கட்டிய ஒரு பங்க் கடை இருக்கிறது, அதைப் பார்த்ததும் வந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. திரும்பும்போதும் இதே கதைதான். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் சலைனாவிலிருந்து கிரீன் ரிவர் வரை 100 மைலுக்கு மேல் ஒன்றுமே இல்லை.

மலை மாநிலங்களில் பல பங்க்குகளில் ரெகுலர் என்பது 85 ஆக்டேன் (பெட்ரோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் எண்). உங்கள் வண்டிக் கையேட்டில் குறைந்தது 87 என்றோ 91 என்றோ போட்டிருந்தால் அதைத்தான் போடுங்கள், பழக்கத்தில் ரெகுலருக்கான ஓரத்துப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

படி 4: மூட்டை கட்டுவது

கனமானது கீழே, நடுவே, உங்களுக்குப் பக்கத்தில். கருவிகள், தண்ணீர், அடுப்பு, டப்பாக்கள் பக்கப் பெட்டிகளில் அடியில் போகட்டும். இரண்டு பெட்டியும் ஒரே எடை இருக்கும்படி வீட்டு எடை மெஷினில் வைத்துப் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக், துணி மாதிரி லேசானவை 40 லிட்டர் நீர்புகா உருளைப் பையில், பின் சீட்டின் குறுக்கே. அதை வளைந்து கொடுக்கும் பட்டை இரண்டால் கட்டி, பைக்கை இப்படியும் அப்படியுமாக உலுக்குங்கள். பை நகர்ந்தால் கட்டு சரியில்லை. தொங்கும் பட்டை நுனிகளை மடித்துச் செருகுங்கள், ஒன்று அவிழ்ந்து செயினில் சுற்றினால் பின்சக்கரம் நின்றுவிடும்.

கட்டி முடித்த பிறகு டயர் காற்றையும் பின் சஸ்பென்ஷனையும் கையேட்டில் சுமைக்கு என்று சொன்ன அளவுக்கு மாற்றுங்கள், செயின் தளர்வையும் சரிபாருங்கள். அப்புறம் அந்த முழு மூட்டையோடு வீட்டுப் பக்கத்தில் ஒரு ராத்திரி போய்த் தங்கி வாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள், எது தேவையில்லை என்பது அந்த ஒரு ராத்திரியில் தெரியும்.

ஆளுக்கு ஒன்று வேண்டியவை: டென்ட், கீழே விரிக்கும் காற்றுமெத்தை, மைனஸ் 7 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், தலையில் மாட்டும் விளக்கு, மழை உடை, ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். ஹாங்க்ஸ்வில்லில் மத்தியானம் 32 டிகிரி கொளுத்தும், 8,000 அடிக்கு மேல் இருக்கும் பிரைஸில் அதே வாரம் ராத்திரி தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டும். குழுவுக்கு ஒன்று போதுமானவை: பஞ்சர் ஒட்டும் செட், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப், முதலுதவிப் பெட்டி, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. 95ஆம் சாலையில் பெரும்பாலான தூரம் போன் சிக்னல் இருக்காது, கருவியை வாங்கி மூட்டைக்குள் புதைக்காமல் ஜாக்கெட் பையிலேயே வையுங்கள்.

படி 5: சேர்ந்து ஓட்டுவது

முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் அனுபவசாலி, நடுவில் புதியவர். நேர்க்கோட்டில் ஒட்டிப் போகாமல் ஒருவர் தடத்தின் இடது பக்கம், அடுத்தவர் வலது பக்கம், தனக்கு நேர் முன்னால் இருப்பவரோடு இரண்டு வினாடி இடைவெளி. வளைவுகளில் இது வேண்டாம், ஒருவர் பின் ஒருவராகத் தாராளமாக இடைவெளி விட்டுப் போங்கள். டேங்கைத் தட்டினால் பெட்ரோல் வேண்டும் என்று அர்த்தம். திருப்பம் வந்தால் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை அங்கேயே நில்லுங்கள், அடுத்தவரும் அப்படியே. இந்த ஒரு வழக்கம் இருந்தால் யாரும் தொலையமாட்டார்கள்.

பொழுது சாயும்போது மான்கள் ரோட்டுக்கு வரும், யூட்டா 12இல் மாடுகளும் வேலியில்லாமல் திரியும். ஐந்தரை மணிக் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: டென்ட் போடும் இடம்

மத்திய அரசின் பொது நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம், தண்ணீரும் கழிப்பறையும் நம் பொறுப்பு. ஏற்கெனவே வண்டி நின்ற தடம் இருக்கும் இடத்தில் மட்டும் தங்குங்கள். ஓடைப் படுகை கூடாது, காய்ந்த மரத்தடி கூடாது. பைக் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி மணலில் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். வந்ததும் முதலில் டென்ட், அப்புறம் சமையல், அரட்டை எல்லாம் அதற்குப் பிறகு.

நேச்சுரல் பிரிட்ஜஸில் 13 இடங்கள்தான், முன்பதிவு இல்லை, முதலில் வருகிறவருக்கு முதலில். மத்தியானமே போய்விட்டோம். 2007இல் உலகின் முதல் இருள்வானப் பூங்காவாக, அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காத இரவு வானத்தைக் காக்கும் இடமாக, அறிவிக்கப்பட்ட இடம் அது. நிலா இல்லாத ராத்திரி, பால்வீதி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கிடந்தது, எங்களில் யாரும் வெகுநேரம் பேசவில்லை.

கொலராடோ மலைகளில் கரடி உண்டு. சாப்பாடு, டூத்பேஸ்ட், சோப்பு எதுவும் டென்ட்டுக்குள் இருக்கக் கூடாது. முகாமில் இரும்புப் பெட்டி இருந்தால் அதில் வைத்துப் பூட்டுங்கள். நெருப்பு மூட்டுவதற்குத் தடை இருக்கிறதா என்பதை அந்தந்த நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: சாப்பாடு

மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. 8,000 அடியில் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் அரிசி வேகவே வேகாது போல நிற்கும். முதல் பயணத்தில் ஒரு கேஸ் டப்பாவை இப்படியே தீர்த்தோம். சோறுதான் வேண்டும் என்றால் மத்தியானமே மூடிபோட்ட டப்பாவில் அரிசியை ஊறப்போட்டு பெட்டியில் வைத்துவிடுங்கள், சாயங்காலம் பாதி நேரத்தில் வெந்துவிடும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்.

காலைக்கு ரவை. வீட்டிலேயே நெய் விட்டு ரவையை வறுத்து, கடுகு, உளுந்து, முந்திரி, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து உப்போடு கலந்து, ஆறவைத்து ஆளுக்கு ஒரு பை என்று கட்டிவிடுங்கள். அங்கே தண்ணீரைக் கொதிக்கவைத்து, இதைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடிவைத்தால் உப்புமா. ஃப்ரூட்டாவில் ஓய்வு நாள் காலை, மலைச் சுவர் மேலிருந்து வெயில் மெதுவாக இறங்கி வர, பழத்தோட்டத்தில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் காலக் குடியேறிகள் வைத்த மரங்கள் அவை. பருவத்தில் தோட்டத்துக்குள்ளேயே பறித்துச் சாப்பிட்டால் காசில்லை, எடுத்துப் போக மட்டும்தான் எடைக்குக் காசு. செப்டம்பரில் ஆப்பிள். சூடான உப்புமாவும் அப்போதுதான் பறித்த ஆப்பிளுமாக அன்று சாப்பிட்டோம்.

குளிர் ராத்திரியில் கேஸ் டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள், காலையில் அடுப்பு சுணங்காமல் எரியும்.

படி 8: தினமும் காலை பத்து நிமிடம்

டயரைக் கையால் தடவிப் பார்த்து ஆணி, முள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில், பிரேக், விளக்கு, கட்டுகள். செயினுக்கு 500 மைலுக்கு ஒரு முறை எண்ணெய், மண் பாதையில் ஓடியிருந்தால் அன்றைக்கே துடைத்துவிட்டு எண்ணெய். அதன் பிறகு நாலு பேரும் நின்று அன்றைய பாதை, பெட்ரோல் நிறுத்தம், தங்கும் இடம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். யாருக்காவது ராத்திரி தூக்கம் சரியில்லை என்றால் அப்போதே சொல்லட்டும், தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எட்டாம் நாள் எங்களில் ஒருவருக்குத் தலைவலி என்றதால் எஸ்கலான்டேயிலேயே நின்றுவிட்டோம், பிரைஸ் மறுநாள் காலையில் பார்த்தோம். எஸ்கலான்டேக்கு முன்னால் இருக்கும் ஹாக்பேக் பகுதி, இரண்டு பக்கமும் சரிவாக ஒரு முதுகெலும்பின் மேல் ஓடும் சாலை, களைத்த கண்ணோடு ஓட்டவேண்டிய இடமே அல்ல.

படி 9: வீட்டுக்கு வந்ததும்

களைப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் அன்றைக்கே டென்ட்டைப் பிரித்து பால்கனியில் விரித்துவிடுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். மடிப்புகளில் இருந்து சிவப்பு மண் கொட்டிக்கொண்டே இருக்கும். ஜிப் பற்களில் புகுந்த மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், அப்படியே விட்டால் அடுத்த தடவை ஜிப் நடுவழியில் சிக்கும்.