தளபதிகளின் ஓவியங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தளபதிகளின் உருவப்படங்களைப் பற்றி எழுத வரும் புதியவர்களின் குறிப்புகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. பெயர் மாறுவது, ஊர் தப்புவது எல்லாருக்கும் வரும், அதை விடுங்கள்.

பதக்கத்தை வைத்து ஆண்டு சொல்வது

லண்டன் நேஷனல் கேலரியில் ஸ்பானிய ஓவியர் கோயா தீட்டிய பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் இருக்கிறார். மரப்பலகையில் வரைந்த சிறிய படம். 1812இல் அவர் ஸ்பெயினின் சலமாங்காவில் பிரெஞ்சுப் படையை முறியடித்து, ஆகஸ்டில் மாட்ரிட்டுக்குள் நுழைந்த கையோடு வரையத் தொடங்கியது. அதனால் மார்பில் தெரிவதெல்லாம் 1812இன் விருதுகள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள்.

நெஞ்சில் தொங்கும் தங்கச் சிலுவையைப் பாருங்கள். அந்த விருதே 1813இல்தான் வந்தது! முன்பு அங்கே வேறொரு பதக்கம் இருந்தது. 1814இல் புதிய விருதுக்காகப் படத்தைத் திருத்தினார்கள். முகம் 1812, மார்பு 1814.

பட்டமும் அப்படித்தான். அவர் டியூக் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்றது 1814 மே மாதம். ஒரு பதிப்பகத்தார் படத்தின் கீழே “1812இல் டியூக் வெலிங்டன்” என்று போட்டிருந்தார்கள். திருத்தி அனுப்பினேன். “லண்டனிலேயே டியூக் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்” என்று பதில் வந்தது. அது படத்துக்கு இன்று இருக்கும் தலைப்பு என்று சொல்லியும் கேட்கவில்லை. அச்சான பிறகு ஒரு வாசகர் பிடித்துவிட்டார். பிரதி பிரதியாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

நட்சத்திரம், பட்டி, சிலுவை என்று ஒவ்வொன்றும் எப்போது கிடைத்தது எனத் தனித்தனியே தேடுங்கள். அவற்றில் பிந்திய ஆண்டு, படத்தில் அதற்குப் பிறகும் கை வைத்திருக்கிறார்கள் என்று மட்டுமே சொல்லும். தொடங்கிய காலம் அதில் கிடைக்காது.

உடலும் தலையும் ஒருவருடையது என நம்புவது

லண்டனில் வெலிங்டன் வாழ்ந்த ஆப்ஸ்லி ஹவுஸில் கோயாவின் இன்னொரு வெலிங்டன், குதிரைமேல் இருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் வேறொரு ஆள் தெரிந்தார். நெப்போலியனின் அண்ணன் ஜோசப்பாக இருக்கலாம் என்பது ஒரு ஊகம். குதிரையில் அமர்ந்திருக்கும் தோரணையை வைத்து வெலிங்டனின் குணத்தை அளப்பவர்கள், யாருடைய முதுகைப் புகழ்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

துள்ளும் குதிரை

1800இல் நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதையில். அவரைத் துள்ளும் குதிரைமேல் வரைந்த பிரெஞ்சு ஓவியர் டாவிட்டுக்கு அவர் போஸ் கொடுக்கவும் இல்லை. ஓவியர் தன் மகனை ஏணிமேல் உட்காரவைத்து வரைந்தார். இது தெரிந்ததும் சிலர் உடனே இன்னொரு பிரெஞ்சு ஓவியர் தெலரோஷ் நெப்போலியனைக் கோவேறு கழுதைமேல் வரைந்த படத்தை ‘உண்மைக் காட்சி’ என்று போடுகிறார்கள். அதுவும் ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து வரைந்ததுதான்.

கோட்டுக்குள் கை

நெப்போலியன் போன்றவர்கள் படங்களில் கோட்டுக்குள் கை விட்டிருப்பதற்குக் காரணம் வயிற்றுவலி இல்லை. அந்தக் காலத்து நாகரிக போஸ்.

இருட்டு

படம் இருட்டாகத் தெரிந்தால், முதலில் மேலே பூசி நாளாகிக் கறுத்த வார்னிஷைச் சந்தேகியுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் ‘இரவுக் காவல்’ பகல் காட்சி.