பரீட்சைப் படபடப்புக்கு ஒரு மூச்சுப் பயிற்சி

"படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கு மிஸ், கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் நெஞ்சு படபடன்னு அடிக்குது." பிளஸ் டூ பிள்ளைகள் பலரும் சொல்வது இதுதான். இதற்குக் கஷ்டமான ஆசனம் எதுவும் வேண்டாம். மூச்சை நிதானமாக வெளியே விடப் பழகினால் போதும்.

முதலில் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து நாடி பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கும். மெதுவாக விடும்போது தணியும். இளவயதில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பயிற்சி முழுக்க இதை வைத்துத்தான்.

1. சாப்பிட்ட உடனே வேண்டாம். பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்காருங்கள். முடியாவிட்டால் நாற்காலி. போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

2. ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மனசுக்குள் நான்கு எண்ணி, மூக்கு வழியாக இழுங்கள். வயிறு எழும்பிக் கையைத் தள்ள வேண்டும். தோள் மட்டும் ஏறி இறங்கினால் மூச்சு மேலோட்டமாகவே நிற்கிறது. ஆறு எண்ணி விடுங்கள். திணறினால் மூன்று எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விடலாம். விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சை அடக்கவே வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

3. பத்து முறை ஆனதும் பிராமரி, அதாவது வண்டு போல ரீங்கரித்து மூச்சு விடுவது. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி மூடுங்கள். உதடு மூடியிருக்க, பல்லோடு பல் படாமல், 'ம்ம்ம்' என்று மூச்சு தீரும்வரை ரீங்காரம். கன்னமும் நெற்றியும் அதிர்வது தெரியும். ஐந்து முறை போதும்.

பரீட்சை அன்றைக்கு முதன்முதலாகச் செய்தால் கைகொடுக்காது. திருப்புதல் தேர்வு நடக்கும்போதே தொடங்கி, தினமும் படுக்கும் முன் செய்யுங்கள். அப்புறம் பொதுத்தேர்வில், வினாத்தாள் வாசிக்கக் கொடுக்கும் 10 நிமிடத்தில் நான்கு மூச்சு இப்படி விட்டால், பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரியாது.

பெற்றோரே, "யோகா பண்றியே, மார்க் ஏறிச்சா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதுவே இன்னொரு பரீட்சையாகிவிடும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றிருந்தால் மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.