பழைய வேட்டை வில்லில் துளைகள்: அடைக்கும்போது செய்யும் பிழைகள்

1950, 60களில் பெயார், பென் பியர்சன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் செய்த மரவில்லுகள் பலவற்றின் கைப்பிடியில் பழைய ஸ்குரூத் துளைகள் இருக்கும். யாரோ குறிகாட்டியோ அம்புக்கூடோ பூட்டிக் கழற்றிய அடையாளம் அது. பெரும்பாலும் துளை வில்லைக் கெடுப்பதில்லை, அடைக்கும் விதம்தான் கெடுக்கிறது.

துளை எங்கே இருக்கிறது என்று பாராமல் பசையைக் கையில் எடுப்பது முதல் பிழை. கைப்பிடியின் தடித்த மரத்தில் உள்ள சிறு துளையால் பயமில்லை. அம்பு வைக்கும் வெட்டுக்குப் பக்கத்தில் மரம் மெலிந்திருக்கும், அங்கே கவனம் வேண்டும். துளையைச் சுற்றிப் பஞ்சை மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் வெடிப்பு இருக்கிறது. கைப்பிடி மெலிந்து புயத்தோடு (வில்லின் வளையும் பகுதி) சேரும் இடத்திலோ, கண்ணாடியிழை ஒட்டிய புயத்திலோ துளை இருந்தால் அந்த வில்லை இழுக்கவே வேண்டாம், சுவரில் மாட்டி வையுங்கள். அறுந்த இழையை எந்தப் பசையும் பழைய பலத்துக்குக் கொண்டுவராது.

திருகோணமலையில் பைபர் படகு திருத்தும் இடங்களில் பொலியெஸ்டர் ரெசின் கிடைக்கும். பக்கத்தில் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். இறுகும்போது அது சுருங்கும், மரத்தோடு நன்றாக ஒட்டாது, ஓரத்தில் மயிரளவு இடைவெளி விடும். இதற்கு இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபொக்சிப் பசைதான் சரி. ரோஸ்வூட், தேக்கு போன்ற எண்ணெய் மரமானால் ஒட்டுவதற்குச் சற்று முன் துளையை அசிட்டோனால் துடையுங்கள். 

துளையை அடைக்கும் மரமுளையைச் சுத்தியலால் அடித்து இறக்குவதுதான் மோசமான பிழை. அடிமூடிய துளையில் பசைக்கு வெளியேற வழியில்லை. அடிக்கும் விசை பசை வழியாக மரத்தைப் பிளக்கும். முளை கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்க வேண்டும். அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சிறு காடி வெட்டிவிட்டால் மிகுதிப் பசை மேலே வந்துவிடும். கடையில் வாங்கும் உருண்டைக் குச்சியில் வெட்டுமுகமே மேலே தெரியும், பொலிஷ் பட்டதும் அது கறுத்துப் புள்ளியாக நிற்கும். பலகையின் முகத்திலிருந்து முளை வெட்டி, ரேகையைக் கைப்பிடியின் ரேகையோடு சேர்த்து வையுங்கள். வெளிர் மரத்துக்கு முதிரை, கறுத்த மரத்துக்குக் கருங்காலி பொருந்தும்.

கடற்காற்றில் துருப்பிடித்து ஸ்குரூ உள்ளேயே இறுகியிருந்தால் முறுக்கி உடைக்காதீர்கள். சூடான சோல்டரிங் அயனைத் தலையில் சில வினாடி வைத்து, ஆறவிட்டுத் திருப்புங்கள். பித்தளைப் புரி பதித்த துளையை அடைக்கத் தேவையே இல்லை. 5/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் கொண்ட துளையானால் அதே அளவுப் பித்தளை ஸ்குரூவால் மூடிவிடலாம்.

ஐப்பசி முதல் தை வரையான மழையில் மரம் ஈரம் பிடித்திருக்கும், அப்போது இந்த வேலை வேண்டாம். ஈரக்காற்றில் இறுகிய எபொக்சியின் மேல் பிசுக்குப் படலம் வரலாம். தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே சாண்ட்பேப்பர் போடுங்கள். தேய்ப்பு முளையோடு நிற்கட்டும், பக்கத்துக் கண்ணாடியிழையைத் தொடக்கூடாது.

ஒரு முழு நாள் இறுகவிட்டு, சற்று இழுபடும் டெக்ரோன் நாண் பூட்டுங்கள். இழுபடாத புதுவகை நாணின் அதிர்ச்சியைப் பழைய வில்லின் நுனி தாங்காது. முதலில் சில அங்குலம் மட்டும் இருபது தடவை இழுத்து, ஒவ்வொரு முறையும் நாணைச் சட்டென விட்டுவிடாமல் மெல்லத் தளர்த்துங்கள். பிறகு அந்தப் பஞ்சை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.