மதுரையிலிருந்தே இரவல் ஒலிநூல்: பார்வை குன்றியவர்களுக்கான வழி

அச்செழுத்தைக் கண்ணால் படிக்க இயலாதவர்கள் நூல்களைக் கைப்பேசியில் இறக்கிக் கேட்பதற்கென்றே ‘சுகம்யா புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் 2016 ஆகஸ்டு முதல் இயங்கி வருகிறது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காகப் பணியாற்றும் அமைப்புகளின் கூட்டமைப்பான இந்திய டெய்சி மன்றம், மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, டி.சி.எஸ். என்னும் மென்பொருள் நிறுவனம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய இந்த நூலகத்தில் எல்லோரும் சேர்ந்துவிட முடியாது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களின் பயனுக்காக மட்டுமே, பதிப்பாளரின் அனுமதியைக் கேட்காமல் நூலை வேறு வடிவத்துக்கு மாற்றித் தர இடமளிக்கிறது. உறுப்பினராகும்போது பார்வைக் குறைபாட்டுக்கான சான்று கேட்பதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே முதலில் சான்றிதழைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை வாங்காதவர்கள், ஊரார் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையின் கண் பிரிவில் விசாரிக்கலாம். அடுத்து, டெய்சி மன்றத்தில் இணைந்துள்ள ஏதேனும் ஓர் அமைப்பின் வழியாக உறுப்பினர் பதிவு செய்ய வேண்டும். சுந்தரராஜன்பட்டியிலுள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கத்திலோ, 2023-இல் புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் மாற்றுத்திறனாளிகள் பிரிவிலோ நேரில் கேட்டால், எங்கே பதிவது என்ற குழப்பம் தீரும். உறுப்பினர் எண்ணும் கடவுச்சொல்லும் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ‘ஈசிரீடர்’ என்னும் இலவசச் செயலியை நிறுவி, அதன் நூலகப் பட்டியலில் சுகம்யா புஸ்தகாலயாவைத் தேர்ந்து அந்த எண்ணைக் கொண்டு உள்ளே நுழையுங்கள். நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ தேடி, கிடைத்ததை இறக்கிக்கொண்டால், அதன்பின் இணையம் இல்லாமலும் கேட்கலாம். டெய்சி என்பது இத்தகைய வாசகர்களுக்கென வகுத்த மின்னூல் வடிவம்; அந்த வடிவ நூலில் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவிச் செல்ல முடிவது பெரிய வசதி. பழைய ஒலிநாடாவைப் போல முன்னும் பின்னும் ஓட்டித் தேட வேண்டியதில்லை.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மனிதர் வாசித்துப் பதிந்த நூல்தான் கிடைக்கும் என்று எண்ணி இறக்குவார்கள். வந்திருப்பதோ வெறும் எழுத்து வடிவமாக இருக்கும். அதைக் கைப்பேசியின் குரல்தான் படித்தாக வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதிக்குச் சென்று தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால், தமிழ்ப் பக்கங்கள் வரும்போது கைப்பேசி வாயடைத்துப் போகலாம். குரல் வந்த பிறகும் சிறு தொல்லை இருக்கும்: நம் ‘க’ ஓர் எழுத்தே பல ஒலிகளுக்கு நிற்பதால், காந்தி, கங்கை போன்ற பெயர்களில் இயந்திரம் தடுமாறக்கூடும். என் பெரியம்மா முதல் நாள் இதைக் கேட்டுச் சிரித்தார். நான்கு நாளில் பழகிவிட்டார். தொடக்கத்தில் வேகத்தைக் குறைத்து வைப்பது நல்லது. காது பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம்.

இறக்கிய நூல் உறுப்பினருடைய சொந்தப் பயன்பாட்டுக்கு உரியது. அதை வாட்ஸ்அப்பில் உறவினர் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள். கேட்டு முடித்ததைச் செயலியிலிருந்து நீக்கினால் கைப்பேசியில் இடமும் மிஞ்சும்.

வெளியே செல்லும்போது மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பெரியார் பேருந்து நிலையப் பகுதியில் நடப்பவருக்குக் காதுதான் கண். அங்கே காதொலிப்பானைக் கழற்றிவிட்டு, பேருந்தில் உட்கார்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.